பாய்மரப் படகில் குடித்தனம்

கல்யாணமான பிறகு நான் முதலில் குடித்தனம் நடத்தியது ஒரு பாய்மரப் படகில். இதைச் சொன்னால் கேட்பவர்கள் ஏதோ இரண்டு நாள் வேடிக்கை என்று நினைத்துக்கொள்கிறார்கள். கார்த்திகை தொடங்கிப் பங்குனி வரை, முழுசாக ஐந்து மாதம், எண்ணூர்க் கழியில் நங்கூரம் போட்டு நின்ற படகில் சமைத்தேன், துவைத்தேன், தூங்கினேன். அங்கிருந்தே ரயில் பிடித்து வேலைக்கும் போய்வந்தேன். சுதந்திரம் வந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்த சமயம். எனக்கு இருபத்து மூன்று வயது.

நான் திருவொற்றியூரில் ஒரு பிரசவ விடுதியில் மிட்வைஃபாக இருந்தேன். பிறந்தது புளியந்தோப்பில். அப்பா மில் தொழிலாளி. எங்கள் வீட்டுச் சுவரில் புத்தர் படம் ஒன்றுதான் உண்டு, வேறு சாமி கிடையாது. என் கணவர் ராயபுரத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. கடலுக்குப் போகாமல் துறைமுகத்துப் பட்டறையில் தச்சு வேலைக்குச் சேர்ந்தவர். அவருடைய அக்காவுக்கு நான் பிரசவம் பார்க்கப் போனபோது பழக்கம் ஏற்பட்டு, ஒரு வருஷத்தில் கல்யாணம் செய்துகொண்டோம். மருமகள் வேறு சாதி என்று அவருடைய அம்மா என்னை வாசலோடு நிறுத்திவிட்டார். என் அப்பா வரச் சொன்னார். ஆனால் அந்த ஒற்றை அறையில் ஏற்கெனவே ஆறு பேர்.

சரி, வாடகைக்கு ஒரு அறை பார்ப்போம் என்று திருவொற்றியூரில் தெருத் தெருவாக அலைந்தோம். எல்லா இடத்திலும் முதல் கேள்வி, "நீங்க இன்னா ஆளுங்க?" என்பதுதான். அவர் தன்னுடையதைச் சொல்வார், நான் என்னுடையதைச் சொல்வேன். உடனே அந்த அறைக்கு நேற்றே வேறு யாரோ முன்பணம் கொடுத்துவிட்டதாகச் சொல்வார்கள். மூன்றாவது வீட்டில், "ரெண்டு பேரும் ஒரே சாதின்னு ஒரு பொய் சொல்ட்டா இன்னா?" என்று அவர் என் காதில் கேட்டார். "சம்பாதிச்சு வாடகை குடுக்கப் போறோம், பொய் எதுக்கு?" என்று நான் திரும்பி நடந்தேன்.

அந்த வாரம்தான் படகு வந்தது. வெள்ளைக்காரக் கம்பெனி எஞ்சினீயர் ஒருவர் எண்ணூரில் கழிக்கரையோரம் பங்களா வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டுவதற்கு ஒரு படகும் உண்டு. அதன் பலகை ஒன்று இற்றுப்போய், என் கணவர் அதை மாற்றிக் கொடுத்திருந்தார். துரை ஊருக்கு லீவில் போகவேண்டும், பங்குனியில்தான் திரும்புவார். அதுவரை படகைத் தனியாக விட முடியாது. அடியில் கசிந்து சேரும் தண்ணீரைத் தினமும் இறைக்கவேண்டும். ஆள் இல்லையென்றால் பித்தளைச் சாமான் ஒன்றும் மிஞ்சாது. படகிலேயே தங்கிப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைப்பானா என்று இவரைக் கேட்டிருக்கிறார்.

இவர் என்னிடம் வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார். "நான் வேணா அங்க குந்திகினு கீறேன். நீ அது வரிக்கும் உங்க நைனா வூட்ல இரேன்."

"ரெண்டு பேர் படுக்க இடம் கீதா அதுல?"

"கீது."

"அடுப்பு?"

"பம்பு ஸ்டவ்வு கீது. ஆனா மே, அது தண்ணி மேல ஆடிக்கினே இருக்கும்."

"புளியந்தோப்புல மழை பேஞ்சா எங்க வூடும் தண்ணி மேலதான் ஆடும்" என்றேன். மறுநாளே ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு மூட்டைப் பாத்திரம், என் பிரசவப் பை ஆகியவற்றோடு எண்ணூர் ஸ்டேஷனில் இறங்கினோம்.

படகு முப்பது அடி நீளம் இருக்கும். தேக்கு. ஒரே ஒரு பாய்மரம். நடுவில் இரண்டு படி இறங்கினால் ஒரு சின்ன அறை. இரண்டு பக்கமும் மெத்தை போட்ட பலகைகள், நடுவில் ஓர் ஆள் நடக்கிற வழி, தலைக்கு மேலே கை வைத்தால் கூரை. சுவரில் பக்கத்துக்கு இரண்டு வட்ட ஜன்னல். கரைக்கும் படகுக்கும் நூறு கஜம் தண்ணீர். அதைக் கடக்க ஒரு குட்டித் துடுப்புப் படகு இருந்தது.

துடுப்புப் போடக் கற்றுக்கொள்ள எனக்கு மூன்று நாள் ஆயிற்று. முதல் நாள் வட்டம் வட்டமாகச் சுற்றினேன். கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஆண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். இரண்டாம் நாள் நேராகப் போனேன், ஆனால் போகவேண்டிய இடத்துக்கு இல்லை. மூன்றாம் நாள் புடவையைக் கச்சமாக இழுத்துக் கட்டிக்கொண்டு, துடுப்பைக் கையால் இழுக்காமல் முதுகால் இழுக்கவேண்டும் என்பது புரிந்தது. அதற்குப் பிறகு அவரை நான்தான் ரயிலுக்கு ஏற்றிக்கொண்டு போனேன். அவர் எதிரே உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டு வருவார்.

விடியும்போது எழுந்ததும் முதல் வேலை தண்ணீர் இறைப்பது. படியோரம் இருந்த கைப்பம்பை அவர் நூறு தடவை அடிப்பார், நான் நூறு தடவை அடிப்பேன். பல் தேய்ப்பதற்கும் முன்னால் அது. பிறகு ஸ்டவ்வைப் பற்றவைப்பேன். அந்த ஸ்டவ் ஒரு பித்தளை வளையத்துக்குள் தொங்கும். படகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அது மட்டும் நேராக நிற்கும். அதில் சோறு வடிப்பது சுலபம். குழம்பு கொதிக்கும்போதுதான் பார்த்துக்கொள்ளவேண்டும். கழியில் வந்து சேரும் கால்வாய் வழியாகச் சவுக்குக் கட்டை ஏற்றி வரும் பெரிய படகு ஏதாவது பக்கத்தில் போனால், அதன் அலை வந்து சேருவதற்குள் சட்டியின் காதைப் பிடித்துவிடவேண்டும். ஒரு முறை மறந்து, மடவை மீன் குழம்பு முழுவதும் துரையின் பலகைத் தரையில் ஓடியது. கடல்நீரில் கழுவித் துடைத்தோம். வாசனை போக ஒரு வாரமாயிற்று.

குடிக்கிற தண்ணீர் பங்களாக் கிணற்றிலிருந்து. குளியலும் அங்கே, தோட்டக்காரன் கொட்டகைக்குப் பின்னால் கட்டியிருந்த தட்டி மறைப்பில். இரண்டு குடம் தண்ணீரைக் குட்டிப் படகில் ஏற்றிச் சிந்தாமல் கொண்டுவந்து சேர்ப்பதில் எனக்குப் பெருமை. துணியைப் பாய்மரத்துக் கயிற்றில் காயப்போடுவேன். வேலைக்குக் கட்டுகிற வெள்ளைப் புடவை ஆறு கஜமும் வாடைக்காற்றில் விரிந்து படபடக்கும். கால்வாய்ப் படகுக்காரர் ஒருவர், "துரை வூட்டுப் படகு பாய் ஏத்தீடுச்சி டோய்!" என்று கத்திக்கொண்டு போனார்.

அசௌகரியம் இல்லாமல் இல்லை. நெருப்புக்குச்சி நமுத்துப்போகும். உப்பு கசிந்து தண்ணீராகும். கொசுவுக்குப் பயந்து சாயங்காலமே வட்ட ஜன்னல்களை மூடிவிடவேண்டும். கார்த்திகை மழையில் மூன்று நாள் கூரைமேல் போர்த்திய துணி நனைந்து, அறைக்குள் சொட்டுச் சொட்டாக விழுந்தது. ஆனாலும் கதவைத் தட்டி, யார் எவர் என்று கேட்க யாரும் வரவில்லை. காலையில் படியேறித் தலையை வெளியே நீட்டினால், மணல் திட்டில் கூழைக்கடாக்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். மேற்கே ரயில் பாலத்தில் வண்டி ஓடும் சத்தம் கேட்கும். கிழக்கே முகத்துவாரத்தில் அலை உடையும். எனக்கு அந்த வீடு பிடித்துப்போயிற்று. அவரிடம் முதலில் சொல்லவில்லை, அவருக்கே தெரிந்துவிட்டது.

சுற்றுவட்டத்து மீனவர்களுக்குத்தான் நான் படகில் இருந்தது பிடிக்கவில்லை. கழியைக் கடந்து கடலுக்குப் போகிறவர்கள் எங்கள் படகைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஒரு பெரியவர் என் கணவரிடம் நேராகவே சொன்னார். "நீயும் கடக்கரைப் புள்ளதானே? பொம்பள குடியிருக்கிற படகு தண்ணிக்கு ஆவாதுன்னு தெர்யாது உனக்கு?" இவர், "அது தண்ணிக்குப் போவலியே பெரியவரே, நின்ன எடத்துலதானே நிக்குது" என்று சமாளித்தார்.

பெண்கள் அப்படி இல்லை. தண்ணீர் வற்றும் நேரத்தில் ஏழெட்டுப் பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, கையால் சேற்றைத் தடவி எறா, அதாவது இறால், பிடிப்பார்கள். ஓலையில் பின்னிய பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, பிடித்ததை அதற்குள் போட்டுக்கொண்டே நகர்வார்கள். அவர்களில் ஒருத்தி, நாற்பது வயதுக்காரி, ஒரு நாள் எங்கள் படகின் பக்கம் வந்து பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாயிலிருந்த பறியை எடுத்துவிட்டு, "நர்சம்மா, ஒரு வாய் டீ தண்ணி கெடைக்குமா? குளுரு தாங்கல" என்றாள்.

கொடுத்தேன். தண்ணீரில் நின்றபடியே குடித்தாள். போகும்போது ஒரு கை எறாவைப் படகுக்குள் அள்ளிப் போட்டாள். பிறகு தினமும் வந்தாள். எறா அக்கா என்று நான் கூப்பிட்டேன். எதிர்க்கரையில் காட்டுப்பள்ளிப் பக்கம் அவள் வீடு. மகளுக்கு அது முதல் பிரசவம், தை மாதம் நாள் என்று சொன்னாள். "ஒரு நாள் விடுதிக்கு இஸ்துகினு வாக்கா, பாத்துடறேன்" என்று நான் இரண்டு மூன்று முறை சொன்னேன். அக்கரையிலிருந்து படகு, பிறகு ரயில் என்று வருவது அவர்களுக்குப் பெரிய காரியம். வரவில்லை.

மார்கழி கடைசியில் ஒரு புதன்கிழமை. எனக்கு வாரத்தில் அன்றுதான் ஓய்வு. அவரைக் காலை வண்டிக்கு விட்டுவிட்டு வந்து, துணி அலசிக்கொண்டிருந்தேன். அன்று வாடை பலமாக வீசிற்று. மழைவெள்ளம் மேற்கேயிருந்து இன்னும் வடிந்துகொண்டிருந்த நாட்கள். அதோடு கடல் உள்வாங்கும் வற்றமும் சேர்ந்துகொண்டதால், தண்ணீர் முகத்துவாரத்தைப் பார்த்து இழுத்துக்கொண்டு ஓடியது.

அக்கரையிலிருந்து ஒரு மீன்படகு வருவது தெரிந்தது. இரண்டு ஆண்கள் துடுப்பு வலித்தார்கள். நடுவில் ஒருத்தி படுத்திருந்தாள். அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு எறா அக்கா. ஸ்டேஷன் பக்கத்துக் கரையைக் குறிவைத்துத்தான் வந்தார்கள். ஆனால் நீரோட்டம் படகைக் கிழக்கே தள்ளிக்கொண்டே போயிற்று. கடைசியில் என் படகுக்கு நேராக வந்துவிட்டார்கள். அக்கா எழுந்து நின்று கத்தினாள்.

"நர்சம்மா! நேத்து சாயங்காலத்துலேர்ந்து வலி. புள்ள வரமாட்டேங்குது. ராயபுரம் ஆஸ்பத்திரிக்கு இஸ்துகினு போறோம்!"

"கயிறு போடுங்க. பக்கத்துல கட்டுங்க. நான் பாக்கறேன்" என்றேன்.

பக்கவாட்டில் கட்டினார்கள். நான் அவர்கள் படகில் இறங்கிப் புடவையை விலக்கிப் பார்த்தேன். ஒரு பார்வையே போதுமாக இருந்தது. தலைக்குப் பதில் குழந்தையின் புட்டம் வந்துகொண்டிருந்தது. அடுத்த ரயிலுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. ஸ்டேஷன் போய்ச் சேரும் முன்பே வழியில் பிறந்துவிடும், அதுவும் மண்ணில், ஆள் நடக்கும் பாதையில்.

"ராயபுரம் வேணாம். இங்கியே பாக்கலாம். தூக்குங்க மேல."

பெண்ணின் புருஷன் தயங்கினான். இருபது வயதுப் பையன்போல இருந்தான். முகம் வெளிறிப்போயிருந்தது. "துரை படகாச்சேம்மா" என்றான்.

"துரை ஊர்ல இல்ல. நான் கீறேன். தூக்கு."

மூன்று பேருமாகத் தூக்கி அறைக்குள் கொண்டுவந்து, வலது பக்கத்து மெத்தையில் குறுக்கே கிடத்தினோம். ஆண்கள் இருவரையும் மேலே போகச் சொன்னேன். துணி துவைக்கக் கொதிக்கவைத்திருந்த தண்ணீர் ஸ்டவ்வின்மேல் இருந்தது. பையைத் திறந்தேன். கத்தரி, நூல், மருந்துத் தண்ணீர். கையை முழங்கைவரை தேய்த்துக் கழுவினேன். பயமாக இருந்ததா என்று பிற்காலத்தில் பலர் கேட்டிருக்கிறார்கள். இல்லை. அப்படிப்பட்ட பிரசவங்களில் டாக்டரம்மாவுக்குக் கூட நின்றிருக்கிறேன், தனியாகவும் இரண்டு பார்த்திருக்கிறேன். என்ன செய்யவேண்டும் என்பது தெரியும். அதைவிட முக்கியமாக, என்ன செய்யக்கூடாது என்பது தெரியும். குழந்தையைப் பிடித்து இழுக்கக்கூடாது. அதுவாக இறங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கவேண்டும். கற்றுக்கொள்கிறவர்களுக்குக் கஷ்டமான பாடம் அதுதான்.

அந்தப் பெண் நல்ல தைரியசாலி. "நான் சொன்னா முக்கு, சொல்லலேன்னா முக்காதே" என்றேன். அப்படியே செய்தாள். புட்டம் வந்தது, ஒவ்வொரு காலாக விடுபட்டது. பெண் குழந்தை. தொப்புள்கொடியைத் தொட்டுப் பார்த்தேன், துடிப்பு இருந்தது. இனி அடுத்த வலி வரவேண்டும்.

அப்போது எதேச்சையாக வட்ட ஜன்னலைப் பார்த்தேன்.

படகு நங்கூரத்தோடு நகர்கிறதா என்று பார்க்க என் கணவர் எனக்கு ஒரு அடையாளம் சொல்லிக்கொடுத்திருந்தார். அந்த ஜன்னலில் பார்த்தால் பங்களாவின் மூலையும் அதற்குப் பின்னாலுள்ள ஒற்றைப் பனைமரமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும். காற்றுக்குப் படகு கொஞ்சம் அசைந்தாலும் திரும்பி வந்து அப்படித்தான் நிற்கும். இப்போது பனைமரம் தனியாக, ஒரு ஜாண் தள்ளி நின்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் விலகிற்று. பக்கத்தில் கட்டிய மீன்படகின் பாரமும் சேர்ந்து, நீரோட்டம் நங்கூரத்தைச் சேற்றிலிருந்து பிடுங்கிவிட்டது. நாங்கள் முகத்துவாரத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தோம்.

"மேல கீறவங்களே! படகு நழுவுது! முன்னால ரெண்டாவது நங்கூரம் கீது, போடுங்க!" என்று கத்தினேன்.

கடலில் வளர்ந்தவர்கள், எப்படிப் போடவேண்டும் என்று நான் சொல்லித்தரத் தேவையில்லை. ஓடிய காலடிச் சத்தம் கேட்டது. உடனே திரும்பி வந்து, புருஷன்காரன் படியில் தலையை நீட்டினான். "பூட்டு போட்டுக் கீதும்மா!"

திருட்டுப் பயத்துக்கு அதைச் சங்கிலி போட்டுப் பூட்டி வைத்திருந்தோம். சாவி என் இடுப்பில் செருகியிருந்தது. என் இரண்டு கையிலும் குழந்தையின் உடம்பு.

"அக்கா, என் இடுப்புல சாவி. எடுத்துக் குடு. சின்னச் சாவி."

எறா அக்கா என் கொசுவத்துக்குள் கையை விட்டு, சேற்றில் எறா தேடுகிற விரல்களால் ஒரே தடவையில் சாவியை எடுத்து மேலே எறிந்தாள். அதே நேரத்தில் அடுத்த வலி வந்தது. "இப்ப முக்கு" என்றேன். தோள்கள் வந்தன, கைகள் வந்தன. மேலே சங்கிலி சரசரவென்று அவிழ்ந்தது. ஏதோ கனமாகத் தண்ணீரில் விழுந்தது. கூட வந்த மற்றவனின் குரல், "உடு... உடு... இன்னும் உடு... அவசரப்படாத... இப்ப கட்டு!" என்றது. நான் குழந்தையை என் முன்கையில் ஏந்தி, காலைப் பிடித்து மெதுவாக மேலே உயர்த்தினேன். படகு ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. தலை வந்துவிட்டது.

குழந்தை நீலமாக இருந்தது. அழவில்லை. வாயைத் துடைத்து, சளியை உறிஞ்சித் துப்பி, முதுகைத் தேய்த்தேன். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. தேய்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு ஒரு சின்ன இருமல் வந்தது, அதற்குப் பிறகு அழுகை. அந்தச் சின்ன அறையில் அது எவ்வளவு பெரிய சத்தமாகக் கேட்டது தெரியுமா! மேலே புருஷன்காரன் கூரையைத் தட்டினான். "இன்னாம்மா, இன்னா?"

"பொண்ணு. நல்லா கீது. படகு நிக்குதா?"

"நிக்குதும்மா!"

மத்தியானம்வரை அந்தப் பெண்ணைப் படுக்கவைத்துப் பார்த்துக்கொண்டேன். ரத்தப்போக்கு சரியாக இருந்தது. ஏற்றம் தொடங்கித் தண்ணீர் உள்ளே திரும்பியதும், அவர்கள் வந்த படகிலேயே மெதுவாக அக்கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் நான் துடுப்புப் போட்டுக்கொண்டு போய்ப் பார்த்துவந்தேன்.

அன்று சாயங்கால வண்டியில் வந்த என் கணவர், கரையிலிருந்தே படகு இடம் மாறியிருப்பதைக் கவனித்துவிட்டார். "படகு ஏன் மே அங்க போய் நிக்குது?" என்று குட்டிப் படகில் ஏறும்போதே கேட்டார். நான் நடந்ததை வரிசையாகச் சொன்னேன். துடுப்பை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். நான் துடுப்புப் போடக் கற்ற பிறகு அன்றைக்கு ஒரு நாள்தான் அவர் வலித்து நான் உட்கார்ந்து வந்தேன். படகில் ஏறியதும் இரண்டு நங்கூரக் கயிற்றையும் இழுத்துப் பார்த்துவிட்டு, "கட்டினவன் நல்லா கட்டிக் கீறான்" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு.

அதற்குப் பிறகு கடலுக்குப் போகிறவர்கள் யாரும் முகத்தைத் திருப்பவில்லை. காலையில் திரும்பும்போது படகைத் தட்டி, இரண்டு மீனைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போவார்கள். இவரைக் கண்டித்த அந்தப் பெரியவர் மட்டும் கடைசிவரை என்னிடம் பேசவில்லை. அவருடைய மருமகளை அனுப்பி, வயிற்று வலிக்கு என்ன சாப்பிடுவது என்று கேட்டுக்கொண்டார்.

மெத்தையில்தான் கறை விழுந்துவிட்டது. சோப்புப் போட்டு, உப்புத் தண்ணீரில் ஊறவைத்து எத்தனை தேய்த்தும் பழுப்பாக ஒரு வட்டம் தங்கிவிட்டது. தை பிறந்து ஒரு வாரம் கழித்து, துரையின் கம்பெனியிலிருந்து தலைமைக் குமாஸ்தா படகைப் பார்வையிட வந்தார். நல்ல உடுப்பு. குட்டிப் படகில் இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் வந்தார். எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு மெத்தையில் வந்து நின்றார்.

"என்னம்மா இது?"

நடந்ததைச் சொன்னேன். அவருடைய முகம் சுருங்கியது. "இது துரையோட படகா, இல்லை பிரசவ வார்டா?"

"அன்னிக்கு ரெண்டுமா இருந்துதுங்க" என்றேன்.

என் கணவர் பின்னால் நின்று தொண்டையைக் கனைத்தார். குமாஸ்தா, "இதை நான் துரைக்கு எழுதத்தான் வேண்டியிருக்கும். உங்களைப் படகைப் பார்த்துக்கத்தான் வச்சது" என்றார்.

"எழுதுங்க. புள்ள பொறந்ததையும் எழுதுங்க. படகு முகத்துவாரத்துக்கு இழுத்துகினு போனதையும், அந்தப் புள்ளையோட அப்பன் ரெண்டாவது நங்கூரம் போட்டு நிறுத்தினதையும் சேத்து எழுதுங்க. ஒண்ண உட்டு ஒண்ண எழுதினா நானே தனியா ஒரு கடுதாசி எழுதுவேன். எனக்கு இங்கிலீஷ் எழுதத் தெரியும்."

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். எழுதினாரா, எழுதினால் என்ன எழுதினார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. இடையில் யாரும் எங்களைக் காலி பண்ணச் சொல்லவில்லை.

துரை பங்குனி முதல் வாரம் திரும்பி வந்தார். படகில் ஏறியவர் நேராகப் பம்பைப் பார்த்தார், கயிறுகளைப் பார்த்தார், என் கணவர் மாற்றிய பலகையைக் கையால் தடவிப் பார்த்தார். அறைக்குள் வந்து கறையையும் பார்த்தார். நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் மெத்தையைத் தூக்கித் தலைகீழாகப் புரட்டிப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். பிறகு தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழிலும் மீதி இங்கிலீஷிலும் விஷயத்தைச் சொன்னார். கம்பெனி வேலையை விட்டு ஊருக்கே போகிறார். படகைப் பம்பாய்க்காரர் ஒருவருக்கு விற்றாயிற்று. மாதக் கடைசியில் ஆள் வந்து கொண்டுபோவார்கள்.

எங்களுக்கு அதற்குள் ஓர் ஏற்பாடு ஆகியிருந்தது. எங்கள் விடுதிக்குப் பின்னால் மிட்வைஃபுக்கு என்று ஓர் அறையும் சமையல்கட்டும் இருந்தன. அதில் இருந்த மூத்த மிட்வைஃப் மாற்றலாகிப் போனதால் அதை எனக்குக் கொடுத்தார்கள். நான் கேட்டு வாங்கினேன் என்பது இன்னும் சரி. ஆகவே படகு போகிறது என்று கேட்டபோது எங்கே போவது என்ற கவலை இல்லை. வருத்தமாக மட்டும் இருந்தது.

துரைக்கு அது புரிந்ததோ என்னவோ, "ஞாயிற்றுக்கிழமை காலை கடலுக்குப் போகலாம், இரண்டு பேரும் வாருங்கள்" என்றார். பாய்கள் அதுவரை பங்களாக் கிடங்கில் மூட்டையாகக் கிடந்தன. நாங்கள் அங்கே இருந்த ஐந்து மாதமும் அந்த மரம் மொட்டையாகத்தான் நின்றது. ஞாயிறு காலையில் அவரும் என் கணவரும் பாயை மாட்டி மேலே ஏற்றினார்கள். தென்காற்று இன்னும் வலுக்கவில்லை, கரைக்காற்று இதமாக இருந்தது. நங்கூரத்தைத் தூக்கியதும், நான் சமைத்துத் தூங்கிய அந்த வீடு சாய்ந்துகொண்டு ஓடத் தொடங்கியது. முகத்துவாரத்து அலையில் இரண்டு முறை எகிறி விழுந்து வெளியே வந்தோம்.

வெளியே தண்ணீர் பச்சை. கரையில் குப்பங்கள் கோடுபோல் தெரிந்தன. தெற்கே திருவொற்றியூர்க் கோயில் கோபுரம், அதற்கும் அப்பால் மில் புகை. துரை சுக்கானை என் கணவரிடம் கொடுத்தார். அவர் சற்று நேரம் ஓட்டினார். அவருடைய அப்பன் பாட்டன் ஓட்டிய கடல் அது, முகத்தில் அப்படி ஒரு நிதானம். பிறகு என்னைப் பார்த்து, "வா மே, புடி" என்றார்.

சுக்கான் கட்டை என் கைக்குள் உயிருள்ளதுபோல் துடித்தது. கொஞ்சம் தள்ளினால் மூக்கு திரும்பியது, விட்டால் தானாக வந்தது. குட்டிப் படகில் வட்டம் போட்டவளுக்கு இது உடனே புரிந்துவிட்டது. முதலில் கோபுரத்துக்கு நேராகப் பிடித்தேன். அது பின்னால் போனதும், தூரத்தில் தெரிந்த துறைமுகத்துக் கல்சுவரை மூக்குக்கு நேராக வைத்துக்கொண்டேன். ராயபுரம் வரை போகலாமா என்று துரை கேட்டார். அங்கே கரையில் என் மாமியார் மீன் கூடையோடு நின்றிருக்கக்கூடும். போக ஆசையாகத்தான் இருந்தது. வெயிலைப் பார்த்தேன், மணி பத்தரைக்கு மேல் ஆகியிருந்தது.

"இல்லைங்க, திருப்பிடலாம். எனக்கு ரெண்டு மணிக்கு டியூட்டி" என்றேன். அவர்கள் பாயை மாற்றிக் கட்ட, நானே திருப்பினேன்.